ஆறுதலா

போன ஞாயிறு வவுனியாவை
ஒருக்கா நடந்து பார்த்தேன்.
ஒன்பது வருடமாய் வேலை பார்க்கிற ஊர்தான்.
ஆனால் அன்றைக்கு
பக்கத்து அறை மதுராவின் மூன்று வயது மகனைக்
கையில் பிடித்துக்கொண்டு.

எழுபது வயது முழங்காலும்
மூன்று வயதுக் காலும்
ஒரே வேகம் என்பது என் கணக்கு.
அவன் இரண்டு தரம் தூக்கச் சொன்னான்.
அம்மா கேட்கமாட்டா.
அதையும் கொப்பியில் எழுதினேன்.

பஸ் இறங்குமிடத்திலிருந்து புடவைக்கடைக்கு
அவனுடைய அடியில் அறுநூற்றுப் பத்து.
இடையில் நிழல் இரண்டு:
ஒன்று மருந்துக்கடைத் தகரம்,
மற்றது வாகை,
அதன் கீழே எப்போதும் யாருடையதோ ஒரு மோட்டார் சைக்கிள்.
இருந்து எழும்பக்கூடிய கழிப்பறை
எனக்குத் தெரிய மூன்று.
ஒன்றின் சாவி சாப்பாட்டுக்கடைக் காசாளரிடம்.
காசாளருக்கு இப்போதே சிரித்து வைத்தேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து
நௌபர் நானா எட்டிப் பார்த்தார்.
"என்னம்மா, என்னத்தத் தொலச்சீங்க?
மூணு தரம் இந்தப் படியையே பாக்கீங்க."
"படியின்ர உயரம் பாக்கிறன், நானா."
அவர் உள்ளே போய் ஒரு கதிரையை இழுத்து வந்தார்.
இருந்து பார்த்தேன்.
கைபிடி உண்டு. மின்விசிறிக்குக் கீழே.

என் அறை மாடியில். இருபத்திரண்டு படி.
ஆகவே விடுதி, கீழ்த்தட்டு.
குளிக்கிற இடம் வழுக்குமா என்று கேட்டேன்.
வரவேற்பில் நின்ற பெடியன் செருப்பைக் கழற்றி
ஈரத்தில் நடந்து காட்டினான்.
முற்பணம் கொடுத்தேன்.
ஏட்டில் பெயர் எழுதினேன்:
வேலும்மயிலும், அன்னப்பிள்ளை, ஒட்டுசுட்டான்.

இரவு தொலைபேசியில் வாசித்தேன்.
பஸ்ஸில் வலப்பக்க யன்னல்,
புளியங்குளம் தாண்ட இடப்பக்கம் வெயில் அடிக்கும்.
பத்துக்குத் தேத்தண்ணி. பத்தரைக்குப் புடவைக்கடை.
பன்னிரண்டுக்குச் சாப்பாடு. மூன்று வரை படுக்கை.
நாலரைக்குக் குளக்கட்டுப் பூங்கா, ஐந்தாவது வாங்கு,
அதற்கு மட்டும்தான் சாய்மானம் உடையவில்லை.
அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இதென்ன பிள்ளை,
முத்தையன்கட்டில தண்ணி திறக்கிற மாதிரி?"

வந்தார்கள்.
வலப்பக்க யன்னலை ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் கொடுத்துவிட்டு
வேர்த்து வழிய இறங்கினார் அப்பா.
விடுதியில் அடுப்பில்லை என்று சொல்லியும்
அம்மாவின் பைக்குள் முருங்கைக்காய்.

அறுநூற்றுப் பத்தில் நூற்றைம்பதாவது அடியில்
தண்ணீர்ப் பம்பி விற்கிற கடை.
கொப்பியில் இல்லாத கடை.
"ஒரு விலை கேட்டுட்டு வாறன்."
ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம்.
அம்மா நீலத் தாங்கிகளுக்கு நடுவே
பிளாஸ்திக் கதிரையில் இருந்து
எதிர்ப்பக்கப் பெயர்ப்பலகைகளை
எழுத்துக் கூட்டி வாசித்தா.
எழுத்துப் பிழை இரண்டு கண்டுபிடித்தா.
நான் வாசலுக்கும் உள்ளுக்குமாய்.

பன்னிரண்டரைக்கு மேல் அந்தச் சாப்பாட்டுக்கடையில்
இருக்க இடம் கிடையாது.
முன்னுக்குப் போனேன், திரும்பி வந்தேன்,
மறுபடி முன்னுக்குப் போனேன்.
அம்மா என் பையின் வாரைப் பிடித்தா.

"ஆறுதலா நட பிள்ளை.
இப்ப ஒருத்தரும் பின்னால வரேல்லை."

பதினேழு வயதிலிருந்து
நான் குதிக்கால் படாமல் நடக்கிறேனாம்.
அதையும் அம்மா பிறகு, சோறு பிசைகையில்,
உப்புக் காணாது என்பதுபோல் சொன்னா.
வாகையின் கீழே அன்றைக்கு மோட்டார் சைக்கிள் இல்லை.
மூன்று பேரும் நின்றோம்.
யார் களைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

புடவைக்கடைக்குப் போகவில்லை.
பின்னேரம் நௌபர் நானாவின் கதிரையில்
நான் இருந்தேன்.
நான் அளந்த படியில் அப்பா குந்தியிருந்தார்.
அம்மா கண்ணாடிச் சட்டங்களை
ஒவ்வொன்றாய்ப் போட்டுக் கழற்றி
தெருவை வேறுவேறு தெருவாய்ப் பார்த்தா.

ஐந்தாவது வாங்கு நாளைக்கு.
இல்லாவிட்டால் வெட்டு முடிந்த பிறகு.
அப்பா பம்பி வாங்கவில்லை.
நாளைக்கும் ஒருக்கா விலை கேட்க வேணுமாம்.